கிளுவைக் கூட்டத்தில் ஒரு மண்தட்டு

கோணேரிப்பேட்டை அந்துவான் சொல்தா சுட்டுத் தவறவிட்ட மண்தட்டு ஒன்று கீழே விழ மனமில்லாமல் ஏரிக்கு மேலே எழும்பிக் கிளுவைக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது, கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், மழை சற்றே விட்டிருந்த காலை நேரத்தில். அதை முதலில் கண்டவள் அவர் மனைவி மதலேன்தான், ஏனென்றால் தட்டை வீசும் இரும்புக் கையின் பிடி அவளிடம் இருந்தது, தட்டு எங்கே போய் விழுகிறது என்று பார்த்துச் சொல்வதும் அவள் வேலையாக இருந்தது. அவள் அதிசயப்படவில்லை. இதோ விழும், இதோ விழும் என்று பார்த்துக்கொண்டே நின்றாள். அது விழாமல் போகவே, அடுத்த தட்டை எடுத்து வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க விழுந்துச்சு?" என்றார் அந்துவான்.

"விழலைங்க. அதுங்களோட போயிடுச்சு."

அவர் துப்பாக்கியை மடக்கி, காலித் தோட்டாவை உருவி எடுத்துவிட்டு, கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தார். ஏரி நடுவில் நூற்றுக்கணக்கான கிளுவைகள், குளிர்காலத்துக்கு மட்டும் வந்து போகும் அந்தச் சின்ன வாத்துகள், வெடிச் சத்தத்தில் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவே, சிறகில்லாமல், செம்மண் நிறத்தில், தன்னைத் தானே சுழற்றிக்கொண்டு அது போனது. கூட்டம் திரும்பியபோது அதுவும் திரும்பியது. "சரி, இன்னொண்ணு வை" என்றார் அந்துவான்.

இவர் எதற்காக ஏரிக்கரையில் நின்று மண்தட்டைச் சுட்டுக்கொண்டிருந்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். பிரெஞ்சுக்காரர் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்சனோடு ஊர் திரும்பியவர்களைப் புதுச்சேரிப் பக்கம் சொல்தா என்பார்கள். அந்துவான் அப்படி ஒரு சொல்தா, அவர் மகன் இஞ்ஞாசியும் அதே பட்டாளத்தில் சேர்ந்து சண்டைக்காகச் சைகோனுக்குக் கப்பல் ஏறியவன். அந்த வருஷம் ஆனி மாதத்தில் அவனோடு இருந்த பையன் ஒருவன் ஊருக்கு வந்தவன், வீடு தேடி வந்து உட்கார்ந்து, ஓர் ஆற்றைத் தெப்பம் கட்டி இரவோடிரவாகக் கடந்தார்கள் என்றும், இந்தக் கரையில் தெப்பத்தில் ஏறும்போது இஞ்ஞாசியின் கை தன் தோள்மேல் இருந்தது என்றும், அந்தக் கரையில் பேர் சொல்லிக் கூப்பிட்டபோது பதில் வரவில்லை என்றும் சொன்னான். "செத்துட்டான்னு யாரும் சொல்லலைங்க மாமா. காணலைன்னுதான் சொல்லியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைப் பாதி குடித்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு எண்ணங்கள் குடியிருந்தன. மகன் போய்விட்டான் என்பது அந்துவானுடையது. காணலை என்றால் காணலை, அவ்வளவுதான், தேடினால் கிடைக்கிறவனைத்தான் காணலை என்பார்கள் என்பது மதலேனுடையது. இருவரும் இதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. கல்லறைத் திருநாள் வந்தபோது அந்துவான் மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு போனார். எந்தக் கல்லறையில் ஏற்றுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு அப்படியே திருப்பிக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தார். மதலேன் அதைப் பார்த்தும் பார்க்காதவளாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

பிறகு வாத்துகள் வந்தன. அந்துவான் துப்பாக்கியைத் தூக்கினால் கோணேரியில் வாத்து விழும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். கிறிஸ்துமஸுக்கு வினிகர் போட்ட வாத்துக் குழம்பு அவர் கையை நம்பித்தான் பல வீட்டு அடுப்பில் ஏறும். அந்த வருஷம் அவர் சுட்ட ஒவ்வொரு வெடியும் வாத்தின் வாலுக்குப் பின்னால் போனது. போன வாத்து திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது என்று கூட நின்றவர்கள் சொல்லிச் சிரித்தார்கள், அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பதை விட்டுவிட்டார்கள். கை பழக்கம் விட்டுப்போயிற்று என்று அவர் நினைத்துக்கொண்டார். வெள்ளைக்கார அதிகாரிகள் வாத்துக் காலத்துக்கு முன்னால் கை பழகுவதற்காக மைதானத்தில் களிமண் தட்டுகளை வீசச் சொல்லிச் சுடுவதை அவர் பார்த்திருக்கிறார். அவர்கள் மூட்டை கட்டிக் கப்பல் ஏறிய பிறகு அந்த வீசும் கருவி, ஸ்பிரிங்கு வைத்த இரும்புக் கை, கேட்பாரற்றுத் துருப்பிடித்துக் கிடந்தது. அதை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, எண்ணெய் போட்டு, மதகுக்குப் பக்கத்தில் நட்டார்.

தட்டுச் செய்ய ஒப்புக்கொண்டவர் சட்டிபானை செய்கிற தாண்டவராயன். ஒப்புக்கொள்ள அவருக்கு ஒரு வாரம் பிடித்தது.

"எங்க அப்பன் தாத்தன்லாம் உடையாம இருக்கறதுக்குத்தான் மண்ணப் பெசைஞ்சாங்க சொல்தா. நீங்க உடையறதுக்குன்னே ஒண்ணு கேக்கறீங்க."

"முழுசா வேக வெச்சுடாத. முழுசா வெந்தா ரவை பட்டாலும் ஓட்டை மட்டும்தான் விழும். பட்டதும் தூளாப் போவணும்."

"பாதி வெந்த மண்ணு தண்ணி பட்டா கரைஞ்சுடும். அது ரெண்டுங்கெட்டான் பொருளுங்க."

"அதான் வேணும்" என்றார் அந்துவான்.

இன்னொன்று, அந்தச் சொல். அதிகாரிகள் துப்பாக்கியைத் தோளில் ஏற்றியதும், தட்டை வீசச் சொல்லி "புல்!" என்று ஒரு சத்தம் கொடுப்பார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அந்துவான் கேட்டதில்லை. பட்டாளத்தில் அர்த்தம் கேட்டுக்கொண்டு யாரும் எதையும் செய்வதில்லை. அதே சத்தத்தை அவரும் கொடுத்தார். ஏரிக்கரையில் மாடு மேய்த்தவர்களும் வலை காயப்போட்டவர்களும் அதைத் தங்கள் காதுக்கு ஏற்றபடி கேட்டுக்கொண்டார்கள். அந்தப் பக்கத்து நாக்கு லகரத்துக்கும் ளகரத்துக்கும் அவ்வளவு வித்தியாசம் பார்க்கிற நாக்கு இல்லை. மதலேனுக்கு அது "புள்ள" என்றுதான் கேட்டது. ஒவ்வொரு முறை பிடியை இழுக்கும்போதும் அவளும் உதட்டுக்குள்ளே "புள்ள" என்று சொல்லிக்கொண்டாள். அந்தச் சனிக்கிழமை அந்துவானுக்குச் சளி; தொண்டை கட்டியிருந்தது, சொல் அவர் வாயிலிருந்தும் அப்படித்தான் வந்தது.

தமிழ் வாத்தியார் சிவசிதம்பரம் சாயங்காலமே விஷயத்தைத் தீர்த்துவைத்தார். பழைய பாட்டுகளில் புள் என்றால் பறவை என்றும், மண்ணுக்குப் புதுத் தமிழைவிடப் பழைய தமிழ்தான் நன்றாகத் தெரியும் என்றும், அதனால் இதில் குழப்பமே இல்லை என்றும் சொன்னார். "பேரு சொல்லிக் கூப்பிட்டா நாய்கூட எழுந்து வருது. பறவைன்னு கூப்பிட்டா அது பறக்காம வேற இன்னாங்க பண்ணும்?" என்று கேட்டார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை, பதில் இல்லாததே போதும் என்று ஊர் எடுத்துக்கொண்டது.

எடுத்துக்கொண்ட பிறகு அதற்கு ஏற்றபடி நடந்துகொள்ளவும் தொடங்கியது. புதுப்பானை வாங்கினவர்கள் கழுத்தில் கயிறு கட்டி உறியில் மாட்டினார்கள், அல்லது ஒரு பிடி நெல்லைப் போட்டுக் கனமாக்கி வைத்தார்கள்; பெண்டாட்டியை "ஏ புள்ள" என்று கூப்பிட்டே பழகிய ஆண்கள் அடுக்களை வாசலில் நின்று தொண்டையைக் கனைத்துக் கூப்பிடப் பழகினார்கள், ஒரு நாள் மறந்துபோய்க் கூப்பிட்டுவிட்ட ஒருவரைப் பார்த்து அவர் வீட்டு மோர்ச்சட்டி லேசாக அசைந்தது என்று அவர் மாமியார் சத்தியம் செய்தாள். தாண்டவராயனுக்கு இது மானப் பிரச்சினையாகிவிட்டது. "என் மண்ணு மேல ஒரு குத்தமும் கெடையாது" என்று சந்தையில் நின்று சொல்லிப்பார்த்தார். சொல்லச் சொல்ல அவர் பானைக்குக் கிராக்கி கூடியது, அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. சக்கரத்தில் உட்கார்ந்தால் அவர் வாயைத் திறப்பதே இல்லை என்று ஆயிற்று.

அந்தத் தட்டு யாருடையது என்று மதகடியில் பூவரச மரத்து நிழலில் ஊர் கூடிப் பேசியது. செய்தவர் தாண்டவராயன், சுட்டவர் அந்துவான், மண் ஏரியுடையது, சகவாசமோ கிளுவைகளோடு. வெயில் இறங்கும்வரை பேசிவிட்டு, மேலே இருக்கும்வரை அது யாருக்கும் சொந்தமில்லை, விழுந்தால் யார் நிலத்தில் விழுகிறதோ அவர்களுக்குச் சொந்தம் என்று முடித்தார்கள். அதிலிருந்து ஏரியைச் சுற்றி நிலம் வைத்திருந்தவர்கள் எல்லாம் அடிக்கடி அண்ணாந்து பார்த்துக்கொண்டார்கள். தட்டு இருக்கிற கூட்டத்தை யாரும் சுடக் கூடாது என்றும் ஏற்பாடாயிற்று; இதை எப்படியோ தெரிந்துகொண்டு ஏரியிலிருந்த கிளுவை எல்லாம் அந்தக் கூட்டத்திலேயே வந்து சேர்ந்துகொண்டன, கிறிஸ்துமஸுக்கு ஊர் கோழிக் குழம்பு சாப்பிட்டது. பனையேறி ஒருவர் மரத்து உச்சியிலிருந்து அதைப் பக்கத்தில் பார்த்திருந்தார். அது போகும்போது விர்ரென்று ஒரு சத்தம் வருகிறது என்றும், இரண்டு பக்கத்து வாத்தும் இடம் விட்டுப் பறக்கின்றன என்றும், பகலில் ஏரி நடுவிலிருக்கும் திட்டில் ஈரமில்லாத இடமாகப் பார்த்து இறங்கி வெயில் காய்கிறது என்றும் சொன்னார். பங்குச் சாமி வந்து தொப்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். இதைப் பற்றித் திருச்சபை ஒன்றும் சொல்லியிருப்பதாகத் தெரியவில்லை என்றும், பூசை நடக்கும்போது மட்டும் யாரும் வெளியே நின்று மேலே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

அப்புறம் பெண்கள் வரத் தொடங்கினார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. கடலுக்குப் போன மகனின் கட்டுமரம் மட்டும் கரை ஒதுங்கக் கண்ட மீனவப் பெண் ஒருத்தி வந்தாள். ரங்கூனிலிருந்து சண்டைக் காலத்தில் கால்நடையாக வந்தபோது கூட்டத்தில் தம்பியின் கையை விட்டுவிட்ட பல்கீஸ் பீவி வந்தாள். தீவுக்குக் கரும்பு வெட்டப் போன புருஷனின் முகம் மறந்துபோன ஒருத்தி, மறந்ததைச் சொல்லி அழுதுகொண்டே வந்தாள். கூட்டம் ஏரியைவிட்டு எழும்பித் தாளடி வயலுக்கு மேயப் போகும் சாயங்கால நேரத்தில் அவர்கள் கரையில் வரிசையாக நின்றார்கள், தட்டு தலைக்கு மேல் போகும்போது "அதோ" என்றார்கள், அது யார் என்று ஒருத்தியும் சொல்லவில்லை, ஒருத்தியை ஒருத்தி கேட்கவுமில்லை. மதலேனுக்கு முதலில் கோபமாக வந்தது. அவ்வளவு சின்னத் தட்டில் எத்தனை பேர்தான் உட்காருவார்கள், என் பிள்ளைக்கு இடம் வேண்டாமா என்று நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கப்பட்டு, மறுநாள் முதல் அவர்களுக்குக் குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து வைத்தாள்.

அந்துவான் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார், "அதை எறக்கணும்."

"எதுக்குங்க? அது பாட்டுக்குப் போவுது."

"எறங்கினாத்தான் ஒரு முடிவு. பூசை வெக்கணும், மெழுகுவத்தி ஏத்தணும். எத்தனை நாளைக்கு இப்படியே பாத்துக்கினு நிக்கறது?"

மதலேன் அவர் தட்டில் குழம்பை ஊற்றினாள். ஊரில் எல்லாருக்கும் அது ஒரு மண்தட்டு என்றால், இவர்கள் இருவருக்கும் அது என்ன என்று அந்த அடுக்களையில் அன்றைக்குத்தான் வெளிச்சமானது. அது மேலே இருக்கும்வரை தன் மகன் எங்கோ ஒரு கரையில் ஏறிக்கொண்டிருக்கிறான் என்று அவள் நம்பினாள். அதைச் சுட்டு வீழ்த்திவிட்டால் மகன் செத்தவன்.

அந்துவான் தினமும் காலையில் பழகினார். முன்னைவிட மும்முரமாகப் பழகினார். ஊரார் கேட்டுக்கொண்டதால் பழைய சத்தத்தை விட்டுவிட்டு "விடு!" என்றார், அவள் பிடியை இழுத்தாள், தட்டு போனது, வெடி வெடித்தது, தட்டு முழுசாகப் போய் நாணலில் விழுந்தது. முன்னால் சுட வேண்டும், பறக்கிறதைப் பார்த்துச் சுட்டால் ரவை போய்ச் சேருவதற்குள் அது போய்விடும், அது இல்லாத இடத்தில், அது வரப்போகிற இடத்தில் சுட வேண்டும் என்று அவருக்குத் தெரியும்; ஒரு முழம் முன்னால் வைத்துப் பார்த்தார், இரண்டு முழம் வைத்துப் பார்த்தார், ஓர் ஆள் நீளம்கூட வைத்துப் பார்த்தார். எல்லாம் பின்னால்தான் போயிற்று.

மதலேன் துப்பாக்கியைக் கையில் தொட்டவள் இல்லை. ஆனால் அவர் தோளுக்குப் பின்னாலேயே அத்தனை காலையும் நின்றவள், அவர் குழல் போகும் விதம் அவளுக்கு அவர் நடையைப் போலப் பழக்கமாகியிருந்தது. குழல் தட்டைத் துரத்திக்கொண்டு போகும், பிடிக்கும், தாண்டும், எல்லாம் சரியாகவே இருக்கும். விசையை அழுத்துகிற அந்த ஒரு நொடியில் மட்டும் டக்கென்று நின்றுவிடும். அவ்வளவுதான் குறை. முழக்கணக்கில் எதுவும் இல்லை. நின்ற துப்பாக்கி, எத்தனை முன்னால் வைத்தாலும் பின்னால்தான் சுடும். வெடித்த பிறகும் கை போய்க்கொண்டே இருந்தால் போதும், அவர் பழைய அந்துவான் ஆகிவிடுவார். இது மார்கழி முடிவதற்குள்ளேயே அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

அவள் சொல்லவில்லை. அதைச் சொன்னால் நாளைக்கே தட்டு விழும் என்று அவளுக்குத் தெரியும். "விடு" என்று அவர் சொல்லும்போதெல்லாம் இழுத்தாள், தவறும்போதெல்லாம் "கொஞ்சம்தாங்க, மயிரிழையில போயிடுச்சு" என்று ஆறுதல் சொன்னாள், உள்ளுக்குள் நிம்மதியாக மூச்சு விட்டாள், மூச்சு விட்டதற்காக அழுதாள். பாவசங்கீர்த்தனத்தில் முட்டி போட்டு, "ஒருத்தருக்குச் சொல்ல வேண்டியதத் தெரிஞ்சும் மறைக்கறேன் சாமி" என்றாள்.

"சொன்னா யாருக்காவது கெடுதலா?"

"எனக்குத்தான் சாமி."

"மறைச்சா?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவாது சாமி" என்றாள். அன்றைக்கு அது உண்மையாகத்தான் இருந்தது.

தை போய் மாசி வந்தது. ஊசிவால் வாத்துகள் ஒரு விடியற்காலையில் எழும்பி வடக்கே போய்விட்டன. பங்குனியில் நாரை, உள்ளான் எல்லாம் போயின. கிளுவைகளும் போகப் பார்த்தன. ஒவ்வொரு சாயங்காலமும் கூட்டம் எழும்பி, மேலே மேலே ஏறி, வடக்கே பார்த்துத் திரும்பும். பனந்தோப்பைத் தாண்டியதும் தட்டு தளர்ந்து பின்தங்கித் தாழும். உடனே கூட்டம் முழுவதும் வளைந்து திரும்பி வந்து அதைச் சுற்றிக்கொண்டு ஏரித் திட்டில் இறங்கும். மழையும் பனியும் அந்தப் பாதி வெந்த மண்ணை ஓரம் ஓரமாகத் தின்றிருந்தன. பனையேறி சொன்னதன்படி, சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் போனது இப்போது அப்பளம் அளவுக்கு இருந்தது. வடதேசம்வரை பறக்க அதற்குத் தெம்பு இல்லை. அதை விட்டுவிட்டுப் போகக் கிளுவைகளுக்கு மனமில்லை.

சித்திரை வெயில் ஏரியைச் சுருட்டியது. நடுவில் ஒரு குட்டை அளவுக்குத் தண்ணீர், அதற்குள் அத்தனை வாத்துகள். மேய்ச்சல் இல்லாமல் அவை நாற்றங்காலில் இறங்கின, விரட்டினால் பறக்கக்கூடச் சோம்பி நடந்து ஒதுங்கின. குட்டை ஓரத்தில் காலையில் செத்துக் கிடப்பவற்றைத் தூக்கப் பருந்துகள் வந்து காத்திருந்தன. ஊர் மனிதர்கள் நல்லவர்கள். ஒருவரும் மதலேனிடம் வந்து ஒன்றும் சொல்லவில்லை. அவள் தண்ணீர்க் குடத்தோடு போகும்போது பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். தாண்டவராயன்தான் ஒரு நாள் வழியில் நின்று, யாரையும் பார்க்காமல், "நான் முழுசா வேக வெச்சிருக்கணும் அண்ணி, இல்லாட்டி பச்சையா விட்டிருக்கணும். ரெண்டுங்கெட்டானாச் செஞ்சது என் தப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் மதலேன் வெடித்துக் கிடந்த ஏரிப் படுகையில் தனியாக நடந்து குட்டை வரைக்கும் போனாள். ஒரு கிளுவை அவள் காலடியில் இருந்தது, ஓடவில்லை. குனிந்து எடுத்தாள். கையில் கனமே தெரியவில்லை. மார்பெலும்பு கத்தி விளிம்பாக உள்ளங்கையில் குத்தியது. கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அதை மடியில் வைத்துக்கொண்டு அந்த வெயிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சைகோனிலிருந்து வந்த அந்தப் பையன் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனானே, அன்றைக்கு அழ வேண்டிய அழுகை அது. பருந்துகள்கூடக் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தன.

வீட்டுக்கு வந்தபோது அந்துவான் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அவள் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"நீங்க சுடும்போது துப்பாக்கிய நிறுத்திடறீங்க."

"இன்னா?"

"எல்லாம் சரியாத்தான் கொண்டுபோறீங்க. விசையை அழுத்தறப்போ நின்னுடுது. நிறுத்தாதீங்க. வெடிச்சப்புறமும் கை போய்க்கினே இருக்கணும். அவ்ளோதான்."

அவர் துணியைக் கீழே வைத்தார். "எப்போலேர்ந்து தெரியும்?"

"மார்கழியிலேர்ந்து."

அவர் கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தன் வலது கையை விரித்துப் பார்த்துவிட்டு, "எனக்கும் தெரியுமோ என்னமோ மதலேன்" என்றார். "அந்த எடம் வந்ததும் கை தானா நின்னுடுது. அதுக்கு மேல போனா விழுந்துடும்னு கைக்குத் தெரியுது. வாய் மட்டும்தான் எறக்கணும் எறக்கணும்னு சொல்லிக்கினு இருந்துச்சு." அப்புறம், "என்னால முடியாது. வேற யாரையாவது சுடச் சொல்லு" என்றார்.

"வேற யாரும் சுடக் கூடாது" என்றாள் மதலேன். "நான் பின்னால நிக்கறேன். வாங்க."

சாயங்காலம் அவர்கள் கரைக்கு வந்தபோது அந்தப் பெண்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். துப்பாக்கியையும் மதலேனின் முகத்தையும் பார்த்துவிட்டு, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு, வழி விட்டு நின்றார்கள். பல்கீஸ் பீவி மட்டும் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "எப்ப?" என்று கேட்டாள். "இப்பவேக்கா" என்றாள் மதலேன். கூட்டம் குட்டையிலிருந்து எழும்பியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, இன்னும் உயரம், கடைசியில் ஒரு சின்னச் செம்புள்ளியாக அது, திணறிக்கொண்டு, கரைக்கு நேர் மேலே வந்தது. அந்துவான் துப்பாக்கியைக் கன்னத்தோடு சேர்த்தார். மதலேன் அவருக்குப் பின்னால் நின்று, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்தாள். அவர் திரும்பினார், அவளும் அவரோடு திரும்பினாள். குழல் அதைத் துரத்தியது, பிடித்தது, தாண்டியது. நிற்கிற இடம் வந்தது, அவர் முதுகு கல்லாக இறுகுவது அவள் கைக்குத் தெரிந்தது, அந்த இடத்தில் அவள் தள்ளினாள்.

வெடித்தது. மேலே ஒரு கைப்பிடி செம்மண் தூசி விரிந்து, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு, காற்றில் சாய்ந்து ஏரி முழுக்கப் படிந்தது. யார் நிலத்தில் விழுந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கிளுவைகள் சிதறின, கூச்சலிட்டன, கூடின, தூசி நின்ற இடத்தை ஒரு முறை சுற்றி வந்தன. பிறகு வடக்கே திரும்பி, பனந்தோப்பைத் தாண்டி, ஏறி ஏறிப் போயின. அந்துவானின் துப்பாக்கி நிற்கவில்லை. ரவை தீர்ந்த குழலோடு அவர் அந்தக் கூட்டத்தைத் தொடர்ந்துகொண்டே இருந்தார், அவை கண்ணுக்குத் தெரிகிறவரைக்கும், தெரியாமல் போன பிறகும் கொஞ்ச நேரம். அவள் கை அவர் முதுகில் இருந்தது, அந்த முதுகு குலுங்கியது. பெண்கள் ஒவ்வொருத்தியாக முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலை இருவரும் குளித்து, வெளுத்த துணி உடுத்திக்கொண்டு கோவிலுக்குப் போனார்கள். பங்குச் சாமி பூசைக்கு உடுத்திக்கொண்டிருந்தார். மரித்த ஆத்துமாவுக்கு ஒரு பூசை வைக்க வேண்டும் என்று அந்துவான் சொன்னார். பூசைக்கு முன்னால் பீடத்திலிருந்து பேரையும் வயதையும் சொல்லி எல்லாரையும் வேண்டிக்கொள்ளச் சொல்வது அந்தக் கோவில் வழக்கம்.

"பேரு தெரியும். வயசு என்ன?" என்று கேட்டார் சாமி.

"இருபத்திமூணு" என்றார் அந்துவான். அவன் காணாமல் போன பிறகு, மாசியில், இஞ்ஞாசியின் பிறந்தநாள் ஒன்று வந்து போயிருந்தது. அன்றைக்கு மதலேன் பாயசம் வைத்து, அவன் பங்கைக் கிண்ணத்தில் ஊற்றி மூடி வைத்ததை அவரும் பார்த்திருந்தார்.

மதலேன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"இல்ல சாமி" என்றாள். "இருபத்திரெண்டு."